பொன்னாடை போட்டார்கள், பதிவு போடவில்லை

வீட்டுப் பிள்ளை ஒருவன் உயிரைப் பணயம் வைத்து யாரையாவது காப்பாற்றிவிட்டு வந்தால் தெருவே கூடிக் கொண்டாடும். அந்தக் கொண்டாட்டம் ஒரு வாரம் ஓடும், மிஞ்சிப்போனால் பத்து நாள். அதற்குள் எழுதி வாங்கவேண்டியதை வாங்கவில்லை என்றால், அவன் செய்தது தெருவில் பேசுகிற பேச்சாகவே நின்றுவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் தம்பிக்காக ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கவனிக்கவேண்டியதை அங்கங்கே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் திருவொற்றியூர் பக்கம் ஒரு மீனவர் குப்பம். அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். போனால் கரை திரும்பப் பல நாள் ஆகும். அம்மா மீன் விற்கிறார். ஆபீஸ், மனு, கையெழுத்து என்று வந்தால் எங்கள் வீட்டில் அது என் தலையில்தான் விடியும். எனக்குப் பாரிமுனையில் ஒரு பார்சல் ஆபீசில் பில் போடுகிற வேலை. தம்பி அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தான், வயது 17. கபடி ஆடுவான். படிப்பைவிட அதில்தான் அவனுக்குப் பெயர்.

எங்கள் கடற்கரையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கேயிருந்து வருகிற மணல் அங்கேயே தடைபட்டு மெரினா அகலமானது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் பக்கக் கரை அரிக்கப்பட்டது. எங்கள் ஆயா கல்யாணமாகி வந்த வீடு இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். அப்புறம் கடலுக்குள் நீட்டிக் கற்களாலேயே சுவர் போலத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். இரண்டு வளைவுகளுக்கு நடுவில் மணல் சேர்ந்து குட்டிக் கடற்கரை போல ஆகிவிடும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பிள்ளைகளை இறக்கி விளையாட விடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் கரையேறிய தண்ணீர் திரும்பும்போது கல்லோரமாகத்தான் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அலை குறைவாக, அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் இழுப்பு அதிகம். எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே இதைச் சொல்லி வளர்ப்போம். விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

அன்று விஜயதசமி. பக்கத்துத் தெரு வீட்டுக்கு அரக்கோணம் பக்கத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இருவர், அக்காவும் தம்பியும். அக்காவுக்கு ஒன்பது வயது இருக்கும், பையன் அவளைவிடச் சின்னவன். கல்லோரம் கால் நனைத்துக்கொண்டிருந்த பையனை முதலில் இழுத்திருக்கிறது. அவனைப் பிடிக்கப் போனவளையும் சேர்த்து இழுத்துவிட்டது. கல்லின்மேல் நண்பர்களோடு உட்கார்ந்திருந்த என் தம்பி எழுந்தவுடனே குதிக்கவில்லை. பின்னால் டீக்கடையில் இருந்த காலித் தண்ணீர் கேன் ஒன்றை இழுத்தான். மூடி இல்லை. கீழே கிடந்த பிளாஸ்டிக் கவரைச் சுருட்டி அதன் வாயில் திணித்தான். அதற்கு எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று தெரியாது, பார்க்கிறவர்களுக்கு ஒரு யுகம். அதன்பிறகுதான் கேனோடு குதித்தான். இதெல்லாம் நான் நேரில் பார்த்ததல்ல. அவன் கூட்டாளி ஒருவன் போனில் எடுத்த வீடியோவில் இருக்கிறது. "கட்டிப்புடி, உட்றாத, உட்றாத" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்துகிற குரல் என் தம்பியுடையது என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. வீட்டில் அவன் அப்படிச் சத்தமாகப் பேசியதே இல்லை.

அவளைக் கேனில் தொற்ற வைத்துவிட்டுப் பையனை எட்டிப் பிடித்தபோது ஓர் அலை இருவரையும் தூக்கிக் கல்லில் அறைந்தது. கல்லில் மோதினது என் தம்பியின் இடது தோள். பந்துகிண்ண மூட்டு நழுவிவிட்டது. கல்லில் ஒட்டியிருக்கிற சிப்பி பாதத்தைக் கிழித்தது. வலது கையால் பையனின் சட்டைக் காலரைப் பிடித்தவன், ஃபைபர் படகு ஒன்று சுற்றிக்கொண்டு வந்து மூவரையும் ஏற்றும் வரை விடவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நீச்சல் தெரிந்தவன் என்றாலும் வெறுங்கையோடு இறங்கக்கூடாது என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. மிதக்கிற எதையாவது தூக்கிப் போடுவதுதான் முதல் வேலை. காலிக் கேன், தெர்மாகோல் பெட்டி, டயர் டியூப், கயிறு எதுவும் உதவும். கூடவே ஒருவர் 112-க்கு அடிக்கவேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. இழுப்பில் மாட்டியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துத்தான் போவார். கல்லைவிட்டு விலகிப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட இடத்தில் கரைக்குத் திரும்பவேண்டும். இன்னொன்று. கரைக்கு வந்ததும் அந்தப் பையனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றப் பார்த்தார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் அப்படித்தான், நேரம் வீண், கெடுதலும் வரும். மூச்சு இல்லையென்றால் வாயில் ஊதி நெஞ்சை அழுத்தவேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

சரி, ஆஸ்பத்திரி. என் கதை உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எதிர்வீட்டு மாமா தம்பியை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அவசரப் பிரிவில் டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்க, மாமா "கல்லுல வழுக்கி வுழுந்துட்டான் சார்" என்று சொல்லிவிட்டார். கடல், குளிக்கப் போன பிள்ளைகள் என்றெல்லாம் சொன்னால் போலீஸ் கேஸாகிவிடும், பையன் படிப்பு கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. எங்கள் பகுதியில் அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். தோளை அன்றே சரிசெய்து தூக்குத் துணி போட்டார்கள், பாதத்தில் தையல். நான் வேலையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். எனக்கு முதலில் பெருமை வரவில்லை. ஓங்கி ஓர் அறை விடலாம் போலத்தான் வந்தது. அம்மா அழவே இல்லை. அவன் காலில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த "வழுக்கி விழுந்தான்" என்ற வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்பார்கள். அடிபட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் எப்படி அடிபட்டது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட்டிவந்தார்கள் என்று எழுதுகிற பதிவு அது. பின்னால் எந்த அலுவலகம் போனாலும் முதலில் கேட்டது அந்த ஏ.ஆர். நகலைத்தான். அதனால் உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், கூடப் போகிறவரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள். நடந்ததை நடந்தபடியே டாக்டரிடம் சொல்லவேண்டும். "கடலில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றும்போது அலை இவனைத் தூக்கிக் கல்லில் அறைந்தது" என்று சொன்னால் யார்மேலும் கேஸ் வராது. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும்போதே காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவரை வைத்துப் படித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபிறகு மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அடுத்த வாரம் முழுக்கத் திருவிழாதான். வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் தலைவர்கள் படம் பெரிதாகவும் தம்பி படம் கீழே ஓரத்தில் முத்திரை அளவிலும் இருந்தது. பொன்னாடை மேல் பொன்னாடை. தூக்குத் துணியில் தொங்கும் கைமேலேயே போர்த்தி இறுக்கிக் கட்டிப்பிடிப்பார்கள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். யூடியூப் சேனல் ஒன்றிலிருந்து வந்த பையன்கள், "அந்தக் கல்லுமேல ஏறி நின்னு குதிக்கிற மாதிரி ஒரு ஷாட் மட்டும் குடு தம்பி" என்றார்கள். காலில் தையல் பிரிக்காத பிள்ளையிடம்! அன்றுதான் நான் வாசல் கதவைச் சாத்தினேன். அகங்காரம் பிடித்த குடும்பம் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும். பாராட்ட வருகிறவர்களுக்கு ஒரு நேரம் வையுங்கள், வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், நடந்ததைத் திரும்பத் திரும்ப அவனையே சொல்லவைக்கக்கூடாது. ஒரு தடவை நீங்களே எழுதி வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பரிசுப் பணம் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கூட்டத்தில் அட்டையில் அடித்த பெரிய செக்கைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நிஜச் செக் வரவே இல்லை. இன்னொருவர் நிஜமாகவே செக் கொடுத்தார். நல்ல மனுஷன், ஆனால் தெருவில் கூப்பிடுகிற பெயரை எழுதிவிட்டார். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் வேறு பெயர். வங்கியில் திருப்பிவிட்டார்கள், வேறு செக் வாங்க அவரைத் தேடிப்பிடிக்கவேண்டியதாயிற்று. பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ கார்டியனாக இருக்கும் சேமிப்புக் கணக்கு ஒன்றை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் ஒரு சீட்டில் அச்சடித்து வைத்தால் கேட்கிறவர்களுக்கு நீட்டிவிடலாம்.

அப்பா கரைக்கு வந்த சமயம் டில்லியிலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்தான். தேசிய அளவில் வீரச் சிறுவர் விருதுக்குத் தம்பி தேர்வாகிவிட்டான், பதிவுக் கட்டணமும் ரயில் டிக்கெட்டும் முன்பணமாகக் கட்டவேண்டும் என்று அரைகுறைத் தமிழில் பேசினான். அப்பா சந்தோஷத்தில் யாரையும் கேட்காமல் பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து 4,500 ரூபாய் அனுப்பிவிட்டார். ஒரு தடவை கடலுக்குப் போய்வந்தால் கிடைக்கிற கூலிப் பங்கில் பெரிய துண்டு அது. அன்று மாலையே 1930-க்குப் புகார் சொன்னோம், பணம் திரும்பவில்லை. அரசு கொடுக்கிற எந்த விருதுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்டாலே ஏமாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோபத்தில்தான், நிஜமாக என்னென்ன விருது இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு நாட்டளவில் வீர விருது கொடுக்கும் வழக்கம் 1957-இல் ஆரம்பித்தது. டில்லி ராம்லீலா மைதானத்தில் நேரு கலந்துகொண்ட நிகழ்ச்சியில் பந்தல் தீப்பிடித்தபோது 14 வயது சாரணச் சிறுவன் ஒருவன் கத்தியால் பந்தல் துணியைக் கிழித்துக் கூட்டம் வெளியேற வழி செய்தான். அதிலிருந்து வந்தது. இப்போது மத்திய அரசு தருவது பிரதம மந்திரி ராஷ்டிரிய பால புரஸ்கார். வீரம் அதில் ஒரு பிரிவு. அவார்ட்ஸ் டாட் கவ் டாட் இன் தளத்தில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், பரிந்துரைக்கலாம். ஆனால் அந்த வருஷம் ஜூலை 31 அன்று வயது 18-ஐத் தாண்டியிருக்கக்கூடாது. என் தம்பிக்கு மே மாதம் பிறந்தநாள். சம்பவம் நடந்தபோது 17, அடுத்த ஜூலையில் 18 தாண்டிவிடுவான். நாங்கள் எதுவும் செய்யாமலேயே அந்தக் கதவு மூடிக்கொண்டது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பதினேழில் இருக்கிற பிள்ளை என்றால் முதலில் பிறந்த தேதியைப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.

நம் மாநில அரசு தருவது வீரதீரச் செயல்களுக்கான அண்ணா பதக்கம். குடியரசு தினத்தன்று முதலமைச்சர் கையால் வழங்குவார்கள், ஒரு லட்சம் ரூபாயும் பதக்கமும். வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வருஷக் கடைசியில் வரும், விண்ணப்பிக்கத் தருகிற நாட்கள் குறைவு. பெண்களுக்கு இன்னொன்று உண்டு, ஆகஸ்ட் 15 அன்று தருகிற கல்பனா சாவ்லா விருது. பெரம்பலூர் கொட்டரை அணையில் மூழ்கிய இளைஞர்களைத் தங்கள் சேலையை வீசி இழுத்துக் கரைசேர்த்த மூன்று பெண்களுக்கு 2020-இல் கிடைத்தது அதுதான். நடந்தது அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில், விருது அதே ஆகஸ்ட் 15-இல். அதிகாரிகள் நினைத்தால் எத்தனை வேகமாக நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, மத்திய உள்துறையின் ஜீவன் ரக்ஷா பதக்கங்கள், 1961 முதல் இருப்பவை. நீரில் மூழ்குதல், தீ, மின்சாரம், விபத்து போன்றவற்றிலிருந்து உயிரைக் காத்தவர்களுக்கு. இதில் நாமே நேராக வாங்கிவிட முடியாது, மாநில அரசு பரிந்துரைக்கவேண்டும். அதனால் மனு கலெக்டரிடம்தான் போகவேண்டும். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் பரிந்துரை போயிருக்கவேண்டும். இதில் மூன்று படிகள். மிகப் பெரிய ஆபத்தில் செய்தது சர்வோத்தம், பெரிய ஆபத்தில் செய்தது உத்தம். காப்பாற்றியவருக்கே பலத்த காயம் ஏற்படும் சூழ்நிலையில் செய்தது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியைப் படித்துவிட்டுத்தான் தம்பியின் ஏ.ஆர். நகலை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தேன். வழுக்கி விழுந்தானாம். அவன் காயம் அவன் செய்த காரியத்தோடு சேராமல் தனியாக நின்றது.

ஏ.ஆரை அழித்து எழுதமாட்டார்கள், எழுதவும் கூடாது. நிலைய மருத்துவ அலுவலரிடம் மனு கொடுத்தேன், வீடியோவைக் காட்டினேன். பலமுறை அலைந்தபிறகு ஒரு டாக்டர் மனம் வைத்தார். காயங்கள் அலையால் பாறையில் மோதியதோடு பொருந்துகின்றன என்று தனியாக ஒரு சான்று எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு பக்கம் கைக்கு வருவதற்குள் அண்ணா பதக்கத்துக்கு அந்த வருஷத்துக் கெடு முடிந்துவிட்டது.

போலீஸ் பக்கம் வேறு மாதிரி. யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதனால் எந்தப் பதிவும் இல்லை. ஸ்டேஷனில் மனுவை நீட்டினேன். "யார்மேலம்மா கம்ப்ளைன்ட்?" என்றார் அங்கே இருந்தவர். "யார்மேலும் இல்ல சார். இது நடந்துச்சுன்னு ஒரு ரசீது போதும்." அவர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரச்சனையே இல்லாததுக்கு எப்படிம்மா சி.எஸ்.ஆர். போடுறது?" சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பதிவுசெய்து ஸ்டேஷனில் தருகிற ரசீது. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. மறுபடி மறுபடி போனேன். கடைசியில் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தபிறகுதான் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். நீங்கள் செய்யவேண்டியது எளிது. சம்பவம் நடந்த ஓரிரண்டு நாளிலேயே, எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிற நேரத்திலேயே, "தகவலுக்காகவும் பதிவுக்காகவும்" என்று தலைப்பிட்டு ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். நேரம், இடம், காப்பாற்றப்பட்டவர்கள், பார்த்தவர்கள், படகுக்காரர் எல்லாம் அதில் இருக்கட்டும். நேரில் வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட். அந்த வாரத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. திருவொற்றியூர் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது, 2018-இல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. இன்னும் சிலர் திருவள்ளூருக்குப் போகச் சொல்வார்கள். நான் ஒரு நாள் லீவு போட்டுப் போய்த் திரும்பினேன். நமக்குக் கலெக்டர் அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைதான். என் ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரம்!

சாட்சிக்கு வருகிறேன். காப்பாற்றப்பட்ட பிள்ளைகளின் குடும்பம் அன்று இரவே ஊருக்குப் போய்விட்டது. கொடுத்த போன் நம்பரை எடுக்கவில்லை. இதில்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிற ராத்திரிகளில் அவர்களை எப்படியெல்லாம் திட்டியிருப்பேன் என்று எழுதமுடியாது. பக்கத்துத் தெருவில் கேட்டு, ஊரைக் கண்டுபிடித்து, அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். கதவைத் திறந்த அந்த வீட்டுப் பெண் எங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். உள்ளே உட்காரவைத்து வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். "ஆஸ்பத்திரிச் செலவு கேப்பீங்களோன்னு பயந்துட்டோம்கா. எங்ககிட்ட அப்ப ஒண்ணுமே இல்ல." அம்மா எழுந்துபோய் அந்தப் பையனின் தலையைத் தடவிவிட்டு, "நாங்க காசு கேக்க வர்லம்மா, ஒரு கையெழுத்துதான்" என்றார். அந்த வீட்டுப் பெண்ணே தன் கையால் எழுதிக் கொடுத்தார். எழுத்துப் பிழையோடு இருக்கிற அந்தக் கடிதம்தான் எங்கள் ஃபைலில் இருப்பதிலேயே கனமான காகிதம் என்று தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்தவரே சொன்னார். வரும்போது ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்தனுப்பினார்கள். நான் திட்டியதையெல்லாம் அப்புறம் நினைக்காமல் விட்டுவிட்டேன். சாட்சிகளின் பெயர், முகவரி, இரண்டு போன் நம்பர்கள் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கும்போதே செலவு கேட்கமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.

வீடியோவை எடுத்தவரிடமிருந்து அசல் ஃபைலாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது சுருங்கிப்போயிருக்கும், தேதியும் நேரமும் அதில் நிற்காது. நாங்கள் வாங்கிய கொஞ்ச நாளிலேயே அந்தப் பையனின் போன் உடைந்தது. செய்தித்தாளில் வந்தால் தேதி தெரிகிற முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். பெயரும் வயதும் சரியா என்று அன்றே பாருங்கள். ஒரு பத்திரிகையில் தம்பிக்கு 19 என்று போட்டுவிட்டார்கள். திருத்தம் கேட்டு எழுதினால் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுவார்கள், எங்களுக்குப் போட்டார்கள்.

செலவு? எம்.ஆர்.ஐ., பிசியோதெரபி, ஆட்டோ, ஜெராக்ஸ், லீவுக்காக எனக்குப் பிடித்தம் செய்த சம்பளம், அப்பா ஏமாந்தது எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். வந்த பரிசுப் பணம் அதில் பாதிகூட இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறவர்கள், வெளியே பணம் கட்டுவதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியிலேயே எதெல்லாம் இலவசமாக எடுக்கலாம் என்று கேளுங்கள். தோள் விஷயத்தில் டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். இளவயதில் ஒரு தடவை நழுவிய தோள் மறுபடியும் நழுவ வாய்ப்பு அதிகம், பயிற்சியை நடுவில் விடக்கூடாது என்று. பாராட்டுக் கூட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனதில் பிசியோதெரபி நாட்கள் பல தவறின. பிப்ரவரியில் ஒரு நாள் சட்டை மாட்டும்போதே நழுவியது. கபடி அத்தோடு நின்றது.

அதைவிட மோசம் அவன் தூக்கம். தூக்கத்தில் யாரையோ எண்ணுவான், "ஒண்ணு, ரெண்டு" என்று. பகலில் கேட்டால் எரிந்து விழுவான். உயிரைக் காப்பாற்றியவனுக்கு என்ன குறை என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். டெலி மானஸ் 14416-க்கு நான்தான் முதலில் பேசினேன், அப்புறம் அவனைப் பேசவைத்தேன். தமிழிலேயே பேசுகிறார்கள், காசு இல்லை. நாலைந்து வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. காலுக்கும் தோளுக்கும் மருந்து பார்க்கிற அன்றே இதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டது ரொம்பக் கழித்துத்தான். "அந்தக் கல்லுகிட்ட ஒரு டியூபும் கயிறும் மாட்டிட்டா போதும்கா" என்றான். வந்த பரிசுப் பணத்தில் மிதவை வளையம் ஒன்றும் நீளக் கயிறும் வாங்கி, அங்கே ஒரு கம்பம் நட்டு மாட்டினோம். கயிறு முதல் மாதமே களவு போனது. எங்கள் ஊர் அப்படித்தான்! மறுபடி வாங்கினோம். இப்போது பையன்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அதன் பக்கத்தில் யார் பெயரும் எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டான். எழுதியிருப்பது இழுப்பு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறியும், 112, 1093 எண்களும் மட்டும்.

ஜீவன் ரக்ஷாவுக்கான மனு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது. வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார், தாசில்தார் அறிக்கை போய்விட்டது, போலீஸ் அறிக்கை பாக்கி. இரண்டு வருஷக் கெடுவுக்கு இன்னும் சில மாதங்கள் உண்டு. "விட்டுடுக்கா" என்கிறான் தம்பி. ஐ.டி.ஐ.-யில் சேர்ந்து ஃபிட்டர் படிக்கிறான், அதில் முழு மூச்சாக இருக்கிறான். நான் விடுவதாக இல்லை. வரும் திங்கள்கிழமை மனு எண்ணோடு நினைவூட்டல் கடிதம் கொடுக்கப் போகிறேன். ஸ்டேஷனில் கொடுக்கிற மனு, ஆஸ்பத்திரிக்கு எழுதியது, கலெக்டருக்கு எழுதியது மூன்றும் டைப் செய்து வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.